அம்மாவின் அரிவாள்மனை உன்னிடம்தான் இருக்கிறது

அக்கா,

ஜவுளிக்கடை வேலையை ஏன் விட்டேன் என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. அம்மாவின் நினைவுத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நீ கேட்டாய், நான் சொன்னேன், அதற்கு நீ சொன்னதை அங்கே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எல்லாரும் கேட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. சின்னவள்தான் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க சித்தி" என்கிறாள். காலை பதினொரு மணிக்கும் குளியல், ராத்திரி எட்டு மணிக்கும் குளியல். நல்ல சுத்தம்தான்.

அதனால் இங்கே எழுதுகிறேன். நான் இதில் கடைக் கதைகளை எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் சின்னவள் ஒன்று விடாமல் வாசிக்கிறாள், உனக்கும் வாசித்துக் காட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். தங்கச்சிமடத்தில் பாதிப் பேர் வாசிப்பார்கள், அதுவும் தெரியும். ஆகவே மச்சான் அந்தப் பக்கம் இருந்த மாதங்களைப் பற்றியோ, பெரியவளுக்குப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தைப் பற்றியோ இதில் ஒரு வரி இருக்காது. பயப்படாதே. கடையின் பெயரையும் எழுத மாட்டேன். அங்கே இன்னும் என்னோடு நின்ற பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இன்று டிசம்பர் 23. நேற்று ராத்திரி பாம்பனில் வாடைக்காற்று ஓங்கி அடித்தது. தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, தூங்கவில்லை. அப்பத்தா இருந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பாள். 1964-ல் இதே 22 ராத்திரிதான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. ரயிலோடு போனவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கோயில் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அப்பத்தா நம்மிடம் சொன்னதெல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியைப் பற்றித்தான், ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு எடுத்து மடித்து வைத்திருந்த கோடித் துணி. அப்பாவுக்கு ஒரு சட்டை, தனக்கு ஒரு நூல் சேலை. "பெட்டி போச்சு, வீடு போச்சு" என்றுதான் சொல்வாள். பெட்டிதான் எப்போதும் முதலில் வரும். அதற்குப் பிறகு சாகும்வரை கிறிஸ்துமஸுக்கு அவள் புதுசு உடுத்தவே இல்லை. துவைத்து, கஞ்சி போட்ட பழைய சேலையில்தான் பூசைக்கு வருவாள்.

அதைச் சொல்லித்தான் நீ வாசலில் வைத்துக் குத்தினாய். "அப்பத்தா மாதிரி புனிதவதி ஆகப் பாக்குறியாடி?"

இல்லை அக்கா. அப்பத்தாவுக்கு இருந்தது கொள்கை இல்லை, வலி. நாம்தான் அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்து, பிள்ளைகள் கூடக் கொஞ்சம் காசு கேட்கும்போதெல்லாம் எடுத்து வீசுகிறோம். பண்டிகைக்குப் புதுத்துணி வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? 22 வருஷம் துணி விற்ற சம்பளத்தில்தான் என் பையன் பதினொன்றாம் வகுப்பு வரை வந்திருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை புதுச்சட்டை போட்டுக் கோயிலுக்குள் நுழையும் பிள்ளையின் முகம் எனக்கும் பிடிக்கும். புதுத்துணியோடு எனக்குச் சண்டை இல்லை. நான் விற்ற விதத்தோடுதான்.

ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். 2018, டிசம்பர் 22.

கஜா புயல் அடித்துப் போன அடுத்த மாதம். கடலுக்குப் போன நாளை விடப் போகாத நாள் அதிகம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், இரண்டாம் மாடி சேலைப் பிரிவில் கால் வைக்க இடமில்லை. மூன்று பிள்ளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு நீ ஏறி வந்தாய். லிஃப்டில் ஏறப் பயந்து படியில் வந்தேன் என்று பிறகு சொன்னாய். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கைக்குட்டையை விரித்தாய். பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள். அதிலும் மீன் வாடை.

"எனக்கு ஒண்ணும் வேணாம்டி. பிள்ளைகளுக்கும் அவருக்கும் பாரு. மிச்சம் இருந்தா ஒரு முந்நூறு ரூவாயில எனக்கு ஒண்ணு எடு."

வருகிறவர்கள் சொல்லும் விலையை நாங்கள் காதில் வாங்குவோம். அதோடு சரி. முந்நூறு கேட்டால் முந்நூறை எடுக்கக் கூடாது. முதலில் ஐயாயிரத்தை விரிக்க வேண்டும். அதை யாரும் வாங்கப் போவதில்லை, கண் பழக வேண்டும், அவ்வளவுதான். அடுத்து மூவாயிரம். அப்போது மூவாயிரம் மலிவாகத் தெரியும். கடைசியில் அந்த முந்நூறை எடுத்துப் பக்கத்தில் போட்டால் அதன் நிறமே செத்துப்போய்க் கிடக்கும். 'எவ்வளவு விலையில் பார்க்கட்டும்' என்று கேட்கவே கூடாது, 'என்ன விசேஷம்' என்றுதான் கேட்க வேண்டும். பிள்ளைகளோடு வந்தால் பிள்ளைக்கு முதலில் போட்டுப் பார்க்க வைக்க வேண்டும், போட்டதைக் கழற்றச் சொல்ல எந்த அம்மாவுக்கும் மனசு வராது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நல்ல மனுஷன். இப்போது உயிரோடு இல்லை.

உன்னிடம் அதைத்தான் செய்தேன். ஐயாயிரத்தை எடுத்தேன்.

கை பழக்கத்தில் செய்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். இல்லை, யோசித்துத்தான் செய்தேன். என் அக்கா ஒரு தடவையாவது நல்லதாக ஒன்று உடுத்தட்டும் என்று நினைத்தேன், அது சத்தியம். அன்றைய டார்கெட்டுக்கு எனக்கு இன்னும் நாலு சேலை பாக்கி, அதுவும் சத்தியம். 2,000 ரூபாய்க்கு மேல் போகிற ஒவ்வொரு சேலைக்கும் எனக்கு 30 ரூபாய். இரண்டில் எது முதலில் வந்தது என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

மயில் கழுத்து நிறம், சரிகைக் கரை. முந்தியை உன் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். நீ கண்ணாடியைப் பார்க்கவில்லை. சேலையையும் பார்க்கவில்லை. உன் கையைப் பார்த்தாய். உப்பு அறுத்து வெடித்த விரல், நூலை இழுத்துவிடும் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றாய்.

"தொட்டுப் பாருக்கா" என்றேன்.

அது கடைப் பேச்சு. தொட்டவர்கள் வாங்காமல் போவது குறைவு. நீ தொட்டாய், சுண்டுவிரலின் பின்பக்கத்தால்.

3,450 ரூபாய். நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இருடி, வாரேன்" என்று பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாய். ஒரு மணி நேரம் கழித்து வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பில் கட்டினாய். நான் உன் காதைப் பார்க்கவில்லை என்றுதானே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்? பார்த்தேன். முடியைக் காதுக்கு மேல் இழுத்து விட்டிருந்தாய், முக்காடும் போட்டிருந்தாய், அந்தப் புழுக்கத்தில். பார்த்தேன், பார்த்துவிட்டு, "பேக்கிங் அந்தப் பக்கம்க்கா" என்றேன். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

பேக்கிங்கில் உனக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர் கொடுத்தார்கள். ஜனவரி 1 முதல் தடை என்பதால் மீதி இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒன்று போதும் என்று சொல்லும் கடையில் அந்த ஒரு வாரம் மட்டும் கணக்கே இல்லை. பெரியவள் சொல்கிறாள், அந்தச் சேலை இன்னும் அதே கவரில், பில்லோடு உன் பீரோவில் இருக்கிறதாம். ஏழு கிறிஸ்துமஸ் போய்விட்டது.

ஏன் கட்டவில்லை நீ? கட்டிக் கிழித்திருந்தால் எனக்கு இன்றைக்கு இந்த வேலை இருந்திருக்காது. அந்தத் தோட்டை மீட்டாயா, மூழ்கியதா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை, நீயும் சொன்னதில்லை. ஆனால் கேஸ் நடக்கிற மாதிரி சாட்சிப் பொருளைச் சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறாய். சில நாள் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நீ எனக்குச் செய்தது எதையும் நீ சொல்லிக்காட்டியதில்லை, உண்மைதான். சொல்லிக்காட்டாமலே ஒரு ஆளை முழங்காலில் நிறுத்தி வைக்க உனக்குத் தெரியும்.

சரி. அது வேண்டாம்.

நீ எட்டாம் வகுப்போடு அம்மாவின் கூடையைத் தூக்கினாய். நான் பன்னிரண்டு வரை படித்தேன். கருவாட்டுத் தொட்டிப் பக்கம் நான் வந்தாலே விரட்டுவாய். "உன் கையில இந்த வாடை வரக் கூடாது." உச்சிப்புளியில் பஸ்ஸை நிறுத்தி, கூடையோடு அம்மாவை இறக்கிவிட்ட கண்டக்டரை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். அதனால்தான் நான் வாடை இல்லாத இடத்துக்குப் போனேன். கடையில் ஏசி, ஊதுவத்தி மணம், விரித்துக் காட்டிய சேலைகளை மடிக்கும் வேலை. நின்றுகொண்டே. 2021-ல் சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. நாலு பேருக்கு ஒன்று. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையை எந்தச் சட்டத்தில் எழுதுவார்கள்? என் கால் நரம்பு சுருட்டிக்கொண்டதை நீ பார்த்திருக்கிறாய். உன் விரல் வெடித்தது, என் கால் வெடித்தது, கணக்குச் சமம்.

இன்னொன்று. 22 வருஷத்தில் ஒரு 24-ஆம் தேதி ராத்திரிப் பூசைக்கு நான் வந்ததில்லை. கடை பூட்டப் பதினொன்று ஆகும், அப்புறம் பஸ் பிடித்துப் பாலத்தில் ஏறும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கீழே கடல் கருப்பாகக் கிடக்கும், தூரத்தில் குருசடைத் தீவுப் பக்கம் ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் என்னோடு வருகிற கடைப் பிள்ளைகள் தூக்கத்திலேயே 'ஹேப்பி கிறிஸ்துமஸ்க்கா' என்பார்கள். பாதிப் பேர் இந்து, இரண்டு பேர் கீழக்கரை முஸ்லிம் பிள்ளைகள். ரம்ஜானுக்கு அவர்களுக்கும் இதே கதை, தீபாவளிக்கு மற்றவர்களுக்கு. யார் பண்டிகையானாலும் நாங்கள் நிற்போம்.

வேலையை விட்டதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. இந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு அம்மா வந்தாள். கூட ஒரு பெண்பிள்ளை. கைக்குட்டை முடிச்சு. "நானூறுக்குள்ள காட்டும்மா." நான் நானூறுக்குள்ளே இருந்ததில் நல்லதாக ஆறு சேலை எடுத்து விரித்தேன். அவள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். அவ்வளவுதான். கேமராவில் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் என்னைக் கீழ்த்தளத்தில் துண்டு, லுங்கிப் பிரிவில் போட்டார்கள். 22 வருஷ சர்வீஸுக்குத் துண்டுப் பிரிவு. தீபாவளிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதில் ரோஷம் எவ்வளவு, மனசாட்சி எவ்வளவு என்று நீ கேட்பாய். கேட்காதே. எனக்கே தெரியாது. துண்டுப் பிரிவில் போடாமல் இருந்திருந்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஐயாயிரத்தை விரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன் போல.

நீ கத்தியதற்கான காரணமும் எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், மற்றது ஊருக்கு வேண்டாம். கல்யாண ஜவுளிக்கு ஸ்டாஃப் தள்ளுபடி கிடைக்கும் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். அது போய்விட்டது. மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, எந்தச் சேலையை எந்த விலைக்கு வாங்கினால் ஏமாறாமல் வரலாம் என்று இந்த மாவட்டத்தில் என்னை விட நன்றாகத் தெரிந்தவள் யார் இருக்கிறாள்? கூட வருகிறேன். தள்ளுபடியை விட அதில் மிச்சம் ஆகும். போன வாரம் பையனுக்குச் சட்டை எடுக்க அதே கடைக்குத்தான் போனேன். புதுசாக வந்த ஒரு பிள்ளை, நான் அறுநூறு என்று சொன்னதும், சிரித்த முகத்தோடு இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டையை எடுத்து விரித்தது. அதற்கு நான்தான் ஆவணியில் சொல்லிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அறுநூறில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. அப்பத்தா காரணம் இல்லை, காசில்லை.

இனி வேலை விஷயம். சிரிக்காமல் கேள்.

கார்த்திகையில் கருவாடு போட்டேன். ஆமாம், கார்த்திகையில். பதினெட்டுக் கிலோ காரல், சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கி, உப்பில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் வலையில் பரப்பினேன். அன்று மத்தியானமே மூட்டம். எடுத்து உள்ளே வைத்தேன், வெளியே போட்டேன், உள்ளே வைத்தேன். நாலாம் நாள் புழு. எங்க வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் கூட்டாளியின் தென்னந்தோப்பில் உரத்துக்குக் கொட்டிவிட்டு வந்தார். ஆட்டோவில் இன்னும் வாடை, சவாரிக்காரர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள். இது உனக்குத் தெரிந்திருந்தால் கோயில் வாசலில் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துக் கிடைத்திருக்கும்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும் மழைக்காலத்தில் கருவாடு போடக் கூடாது என்று. நாற்பத்து நாலு வயதில் எனக்குத் தெரியவில்லை. யார் குற்றம்? தொட்டிப் பக்கம் வராதே என்று விரட்டியது யார்? அம்மா மீனின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு பொழுது கிடக்கட்டும்" என்பாளே, அழுத்தினால் என்ன தெரியும்? உனக்குத் தெரியும். உன்னிடம்தான் இருக்கிறது. நீ உன் மகள்களுக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து அம்மாவின் கைவேலையை நீ மட்டும் வைத்துக்கொண்டாய்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கப் பார்த்தேன், அழிக்கவில்லை.

என் திட்டம் இதுதான். தை பிறந்து வெயில் ஏறியதும் நெத்தலியில் ஆரம்பிக்கிறோம், நானும் பாம்பனில் மூன்று பேரும். மூன்று நாலு கிலோ பச்சைக்கு ஒரு கிலோதான் தேறும், அந்தக் கணக்காவது எனக்குப் புரிந்துவிட்டது. மணலில் போட மாட்டோம், கம்பு நட்டு வலை கட்டி உயரத்தில்தான். கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட். எங்கள் மாதிரி சின்ன வியாபாரத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும், லைசென்ஸ் எடுக்கிற அளவுக்குப் பெரிய ஆள் ஆக வேண்டாம். பங்குனி வரை போட்டுச் சேர்த்தால், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் போகாது, அப்போது விலை நிற்கும். பாக்கெட்டில் எடையும் விலையும் பெரிதாக எழுதுவோம். முதலில் ஐயாயிரம் ரூபாய்க் கருவாட்டை விரித்துக் காட்ட முடியாது பார், அது ஒரு நிம்மதி.

நீ வாசலில் கையை நீட்டி, "பாருடி, இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றாய். பார்த்தேன் அக்கா. 2018-லும் பார்த்தேன். கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு. நீ போட மாட்டாய் என்று தெரியும், வழுக்கும் என்பாய்.

நாளை ராத்திரிப் பூசைக்குத் தங்கச்சிமடம் வருகிறேன். எங்க வீட்டுக்காரரும் பையனும் கூட வருவார்கள். இடம் பிடித்து வைக்க வேண்டாம், பின்னால் குடில் பக்கம் நின்றுகொள்கிறேன், நிற்பது எனக்குப் பழக்கம். அந்தச் சேலையைக் கட்டு என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவளுக்குக் கொடுக்கிறாயா, அப்படியே வைத்துக்கொள்கிறாயா, உன் இஷ்டம். பில் மட்டும் எனக்கு வேண்டும். அதில் விற்றவர் நம்பர் என்று ஓரத்தில் இருக்கும், என் நம்பர்.

அப்புறம், அம்மாவின் அரிவாள்மனை. நீ இப்போது கத்திதான் எடுக்கிறாய், அது அடுப்படி மூலையில் சும்மா கிடக்கிறது என்று சின்னவள் சொன்னாள். சாக்கில் சுற்றித் திண்ணையில் வைத்துவிடச் சொல். கட்டை ஆடினால் பரவாயில்லை, ஆப்பு நான் அடித்துக்கொள்கிறேன். வாலிநோக்கத்துக் கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு கூடைக்கு எத்தனை கை என்று நீ வந்து சொல்லும்வரை பிரிக்க மாட்டேன்.

உன் தங்கச்சி